திறக்காத லிங்க்: எந்த அறிகுறிக்கு எங்கே கைவைப்பது

சித்திரை வருசம் பிறக்கிற நாட்களில் எனக்குப் போன் வரத் தொடங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்கள், புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்கள், நகரில் டியூசன் நடத்துகிற ஆசிரியர், கோவில் சபைக்காரர் ஒருவர். திருகோணமலைக்குக் கடல் அமைதியாகிற மே தொடக்கம் செப்டம்பர் வரைதான் சீசன். அதற்கு முன் எல்லோரும் தங்கள் இணையத்தளத்தை ஒருமுறை திறந்து பார்ப்பார்கள், அப்போதுதான் பாதி லிங்க் செத்துக் கிடப்பது தெரியவரும். “தம்பி, படகுப் பக்கத்தை அமத்தினா ஏதோ நானூற்றி நாலு எண்டு வருது, ஒருக்கா பாருங்கோ.”

இதே பிழைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி வருவதால் எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவை தளத்தின் சொந்தக்காரரே கால் மணித்தியாலத்தில் சரிப்படுத்தக்கூடியவை, யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடவேணும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: உடைந்த லிங்க்கைக் கண்டதும் பக்கத்தை அழிக்கவோ பெயரை மாற்றவோ வேண்டாம். அந்தப் பழைய முகவரி எங்கோ ஒருவருடைய போனில், ஒரு அழைப்பிதழில், ஒரு விசிட்டிங் காட்டில் இன்னும் இருக்கிறது.

எதற்கும் முன் இரண்டு நிமிடம்

பிரவுசரில் பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து அதே லிங்க்கை அழுத்துங்கள். அங்கே திறந்தால் தளத்தில் பிழை இல்லை, உங்கள் போன் பழைய பிரதியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் பாருங்கள்.

அங்கேயும் திறக்கவில்லையா, முகவரிப் பட்டையில் உள்ளதை அப்படியே கொப்பி பண்ணி நோட்பேட்டில் ஒட்டி எழுத்தெழுத்தாக வாசியுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. “லிங்க் வேலை செய்யவில்லை” என்று ஸ்கிரீன்ஷாட் வரும், அதில் முகவரிப் பட்டை வெட்டுப்பட்டிருக்கும்! முகவரியை வாசித்தாலே பாதிப் பிழைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

திரையில் வருகிற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 404 என்றால் சேர்வர், அதாவது தளம் வைக்கப்பட்டிருக்கிற கணினி, இருக்கிறது, கேட்ட பக்கம் இல்லை. 403 என்றால் உள்ளே விட அனுமதி இல்லை. 500 என்றால் சேர்வருக்குள் ஏதோ முறிந்திருக்கிறது. எண்ணே இல்லாமல் “சேர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை” என்று வந்தால் டொமைன், அதாவது தளத்தின் பதிவு செய்த பெயர், அதன் பக்கத்துப் பிரச்சினை, நேரே கடைசிக்கு முந்திய தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு லிங்க் மட்டும் 404, மற்றதெல்லாம் திறக்கிறது

*முகவரியில் உங்கள் தளத்தின் பெயருக்குப் பின்னால் இன்னொரு தளத்தின் பெயர் ஒட்டியிருக்கிறதா?*

உங்கள் டொமைன், ஒரு சாய்கோடு, அதற்குப் பின் முகநூலின் முகவரி என்று வந்தால், லிங்க் போடும்போது முன்னால் எச்டிடிபிஎஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு ஆகியவற்றைப் போட மறந்திருக்கிறீர்கள். பிரவுசர் அதை உங்கள் தளத்துக்குள் இருக்கிற பக்கமாக நினைத்துத் தேடுகிறது. லிங்க்கைத் திருத்தி முழு முகவரியையும் போட்டால் முடிந்தது. நான் அதிகம் காண்கிற பிழை இதுதான்.

*முகவரியின் கடைசியில் முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி ஏதாவது?*

வட்ஸ்அப்பில் வந்த செய்தியிலிருந்து கொப்பி பண்ணினால் வசனத்தின் முற்றுப்புள்ளியும் சேர்ந்து வந்துவிடும். அழித்துவிட்டுப் பாருங்கள்.

*பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்?*

உங்கள் வீட்டு விண்டோஸ் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இணையத்தளங்கள் பெரும்பாலும் லினக்ஸ் சேர்வரில் இருக்கின்றன, அதற்கு இரண்டும் வெவ்வேறு கோப்பு. கமராவிலிருந்து வரும் படங்களின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், லிங்க்கில் சின்ன எழுத்தில் அடித்திருப்பீர்கள். உங்கள் கணினியில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரி, ஏற்றிய பிறகு கிடைக்காது. கோப்புப் பெயர்களை எப்போதும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவில் சிறுகோடு போட்டு வையுங்கள்.

*பக்கத்தின் முகவரியை யாராவது மாற்றினார்களா?*

இங்கே பல தளங்கள் ஓடுகிற வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. “போஸ்ட்” வகைப் பதிவின் முகவரியை மாற்றினால் பழைய முகவரியை அதுவே நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். “பேஜ்” வகைக்கு அதைச் செய்யாது. அறை விபரம், தொடர்பு, கட்டணம் போன்ற முக்கியமான பக்கங்கள் எல்லாம் பேஜ் வகைதான். அதனால் பேஜின் முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு நீங்களே 301 திருப்பம் ஒன்று போடவேணும். ரீடிரெக்ஷன் என்ற பெயரிலேயே இலவசப் பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கிற துணை மென்பொருள்) இருக்கிறது, பழைய முகவரி ஒரு பெட்டியில், புதியது அடுத்த பெட்டியில், அவ்வளவுதான்.

301 என்பது நிரந்தரமாக வீடு மாறிவிட்டோம் என்ற அறிவிப்பு, 302 தற்காலிகம். பெயர் மாற்றத்துக்கு 301ஐயே போடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று சங்கிலியாகப் போடாமல் பழையது எல்லாவற்றையும் நேரே கடைசி முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

அறிகுறி: முகப்பு திறக்கிறது, உள்ளே எதை அழுத்தினாலும் 404

இது வந்தால் எல்லோரும் பயந்துபோவார்கள், எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதென்று. ஒன்றும் அழியவில்லை. பக்கங்கள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கின்றன, அவற்றுக்குப் போகிற பாதையைச் சொல்கிற கோப்புத்தான் குழம்பியிருக்கிறது.

முதலில் வேர்ட்பிரஸ் அட்மினுக்குள் போய் செட்டிங்ஸ், அதற்குள் பேர்மாலிங்க்ஸ், எதையும் மாற்றாமல் கீழே இருக்கிற சேவ் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். அந்த ஒரு அழுத்தில் பாதைக் கோப்பு திரும்ப எழுதப்படும். பல நேரம் இத்துடன் சரி.

சரிவரவில்லையென்றால் அண்மையில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். புதிதாக ஒரு பிளகின் போட்டீர்களா? அதை நிறுத்திவிட்டுத் திரும்பப் பேர்மாலிங்க்ஸை சேவ் பண்ணுங்கள். ஹோஸ்டிங் (தளத்துக்குச் சேர்வரில் இடம் தருகிற சேவை) மாற்றினீர்களா? அப்படியானால் எச்டிஅக்செஸ் (.htaccess) என்ற அந்தப் பாதைக் கோப்பு வந்து சேராமல் இருக்கலாம், அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்பு மேலாளரில் மறைந்திருக்கும். “மறைந்த கோப்புகளைக் காட்டு” என்பதை இயக்கித் தேடுங்கள்.

கோப்பு இருக்கிறது, சேவ் பண்ணியும் ஆயிற்று, இன்னும் 404 என்றால் சேர்வரில் முகவரியை மாற்றி எழுதுகிற வசதி அணைந்திருக்கலாம். அது உங்கள் கைக்கு எட்டாது. ஹோஸ்டிங்காரருக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போடுங்கள், “முகப்பு திறக்கிறது, உள்பக்கங்கள் எல்லாம் 404, பேர்மாலிங்க்ஸ் சேவ் பண்ணிப் பார்த்துவிட்டேன்” என்ற மூன்றையும் எழுதினால் அவர்கள் திரும்பக் கேள்வி கேட்டு ஒரு நாளைக் கடத்தமாட்டார்கள். எச்டிஅக்செஸ் கோப்பை நீங்களே திருத்தப் போகாதீர்கள், ஒரு எழுத்துப் பிழைத்தாலும் தளம் முழுவதும் 500 காட்டும்.

அறிகுறி: தமிழில் பெயர் வைத்த பக்கங்கள் மட்டும் உடைகின்றன

நாங்கள் தமிழில் எழுதுகிறவர்கள், வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியை எடுக்கிறது, அதனால் முகவரியும் தமிழிலேயே அமைகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இணையத்தில் ஓடும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிகிறது. விசிறி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். “திருகோணமலை” என்ற பெயரில் பத்துக் குறிகள், ஆகவே அது 90 எழுத்து நீளம்.

*முகவரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா?*

வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பெயருக்கு 200 எழுத்துத்தான் ஒதுக்கியிருக்கிறது. “திருகோணமலை கடற்கரை விடுதிகள்” என்று மூன்று சொல்லில் தலைப்பு வைத்தாலே 236 ஆகிவிடும், முகவரி “விடுத” என்பதோடு நின்றுபோகும். சேமித்தது அப்படியென்பதால் தளத்துக்குள் இருக்கிற மெனு லிங்க் வேலை செய்யும். ஆனால் நீங்களோ வேறொருவரோ இன்னொரு பக்கத்தில் முழுத் தலைப்பையும் டைப் பண்ணி லிங்க் போட்டிருந்தால் 404. டைப் பண்ணாமல் பிரவுசரிலிருந்து கொப்பி பண்ணிய முகவரியையே போடுங்கள்.

*முகவரி கண்ணுக்குச் சரியாக இருந்தும் திறக்கவில்லையா?*

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை ஒரு முழு இரவு போயிற்று. ஒரு பாடசாலையின் பழைய மாணவர் மலர், பிடிஎஃப் கோப்பு, பெயரில் “கோணேஸ்வரா” என்று இருந்தது. லிங்க்கிலும் அதே சொல், கோப்பிலும் அதே சொல், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை. திறக்கவே இல்லை. கடைசியில் பார்த்தால் “கோ” என்பதில் வருகிற அந்த உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக ஓகாரம், அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், சேர்வருக்கு அவை வெவ்வேறு பெயர். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பழைய மக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்தே சேமிக்கும், சில தட்டச்சு முறைகளும் அப்படியே அடிக்கும். ஆகவே மலரைத் தயாரித்தவர் ஒரு கணினியில், லிங்க் போட்டவர் இன்னொரு கணினியில் என்றால் இப்படி உடைய வாய்ப்பிருக்கிறது.

சோதனை எளிது. முகவரியை நோட்பேட்டில் ஒட்டி, “கோ” வுக்குப் பின்னால் கேசரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். “க” மட்டும் மிஞ்சினால் ஒரே குறி, “கே” மிஞ்சினால் பிரிந்த குறி. கோப்பின் பெயரையும் அப்படியே பாருங்கள்.

இந்த இரண்டுக்கும் நிரந்தர மருந்து ஒன்றே. தலைப்பு தமிழில் இருக்கட்டும், அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. முகவரியையும் கோப்புப் பெயரையும் மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் சுருக்கமாக வையுங்கள், பழைய தமிழ் முகவரியிலிருந்து புதியதற்கு 301 போடுங்கள். தமிழ் முகவரியை விட எனக்கும் மனம் வரவில்லைதான், ஆனால் அந்த மலரைத் திறக்க முடியாமல் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்த ஒரு பழைய மாணவரின் குரலைக் கேட்ட பிறகு வேறு யோசனை வரவில்லை.

யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருக் காலத்துப் பழைய தளங்களில் கோப்புப் பெயர்களே பாமினி விசைகளில் அடிக்கப்பட்டு, வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். அவற்றைப் பெயர் மாற்றப் புறப்பட்டால் நூற்றுக்கணக்கில் லிங்க் உடையும். அப்படியான தளம் உங்களிடம் இருந்தால் முழுப் பேக்கப் ஒன்று எடுத்துவிட்டு, மொத்தமாகப் பெயர் மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: பக்கம் வருகிறது, படங்கள் மட்டும் இல்லை

படம் இருக்கவேண்டிய இடத்தில் ரைட் கிளிக் பண்ணிப் படத்தைத் தனித் தாவலில் திறங்கள். வருகிற முகவரியை வாசியுங்கள்.

முகவரி முகநூலின் சேர்வரிலிருந்து வருகிறதென்றால் காரணம் அதுவே. முகநூலில் போட்ட படத்தின் முகவரியைக் கொப்பி பண்ணித் தளத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்த முகவரிகளுக்குள் காலாவதி நேரம் ஒன்று இருக்கிறது, கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு செத்துப்போகும். இங்கே விடுதிக்காரர்களிடம் இது மிக அதிகம், ஏனென்றால் படங்கள் எல்லாம் முதலில் முகநூலுக்குத்தான் போகின்றன. படத்தை இறக்கி, தளத்தில் ஏற்றி, அங்கிருந்து போடுங்கள். வேறு வழியே இல்லை.

முகவரி எச்டிடிபி என்று கடைசி எஸ் இல்லாமல் தொடங்கினால், தளத்துக்குப் பூட்டுக்குறி (எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு) வருவதற்கு முன் போட்ட படம் அது. இப்போதைய பிரவுசர்கள் அதைப் பாதுகாப்பான முகவரிக்கு மாற்றிக் கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடும். வேர்ட்பிரஸ்ஸில் தேடி மாற்றுகிற பிளகின் ஒன்றால் பழைய முகவரி முழுவதையும் புதியதாக்கலாம், ஆனால் முதலில் பேக்கப் (தளத்தின் முழுப் பிரதி) எடுங்கள். பேக்கப் எடுக்கத் தெரியாவிட்டால் இந்த வேலையைத் தொடவேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

முகவரி உங்கள் தளத்திலேயே இருந்து 403 காட்டினால் கோப்புறையின் அனுமதி மாறியிருக்கிறது. கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644. ஹோஸ்டிங் பலகையின் கோப்பு மேலாளரில் மாற்றலாம். எல்லாவற்றுக்கும் 777 போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது.

அறிகுறி: “அனுமதி தேவை” என்று கேட்கிறது

கூகுள் டிரைவில் வைத்த விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம். உங்கள் போனில் திறக்கும், ஏனென்றால் நீங்கள் உள்நுழைந்திருக்கிறீர்கள். வேறு யாருக்கும் திறக்காது. ஷெயார் அமைப்பில் “லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்” என்று மாற்றி, பிரைவேட் விண்டோவில் திறந்து உறுதிப்படுத்துங்கள். திருத்தும் உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள், பார்க்கும் உரிமை போதும்.

அறிகுறி: வட்ஸ்அப் பொத்தானும் தொலைபேசி இலக்கமும் வேலை செய்யவில்லை

இதை லிங்க் என்றே பலர் நினைப்பதில்லை, ஆனால் ஒரு விடுதிக்கு முழுத் தளத்திலும் பெறுமதியான லிங்க் இதுதான். வட்ஸ்அப் லிங்க்கில் இலக்கம் 94இல் தொடங்கவேணும். முன்னால் 0 வரக்கூடாது, கூட்டல் குறியும் இடைவெளியும் சிறுகோடும் கூடாது. எண்ணிப் பாருங்கள், இலங்கைக் கைத்தொலைபேசிக்கு மொத்தம் 11 இலக்கம் இருக்கவேணும். 12 இருந்தால் 94க்குப் பின்னால் அந்த 0 ஒளிந்திருக்கிறது.

தொலைபேசி லிங்க்குக்குக் கூட்டல் குறி இருக்கலாம், இருப்பதே நல்லது. இங்கத்தைய நிலையான இணைப்பு என்றால் 026 என்று போடாமல் கூட்டல் குறி, 94, 26 என்று தொடங்குங்கள். 026 என்று போட்டால் உள்ளூரில் வேலை செய்யும், பிரான்சிலோ கனடாவிலோ இருந்து அழுத்துகிறவருக்கு அழைப்புப் போகாது. எங்கள் விருந்தாளிகளில் பாதிப்பேர் அங்கிருந்து வருகிற சொந்தங்கள்தானே.

அறிகுறி: வேறு தளங்களுக்குப் போட்ட லிங்க்குகள் செத்துப்போயின

இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதமானவை பத்து வருடத்துக்குப் பின் கிடைக்கவில்லை என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே ஐந்தாறு வருடம் பழைய தளமென்றால் வெளி லிங்க்குகளில் கொஞ்சமாவது போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தளத்தின் முகப்பைத் திறந்து பாருங்கள். தளம் உயிரோடிருந்தால் பக்கம் இடம் மாறியிருக்கும், அங்கேயே தேடிப் புதிய முகவரியைப் போடுங்கள். தளமே இல்லையென்றால் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய முகவரியை ஒட்டுங்கள். கன்னியா வெந்நீரூற்றைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ யாரோ அக்கறையாக எழுதி வைத்த கட்டுரை அங்கே பிரதியாக இருந்தால் அந்தப் பிரதிக்கு லிங்க் கொடுங்கள். அங்கும் இல்லையென்றால் லிங்க்கை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் விடுங்கள்.

கூகுளின் பழைய சுருக்கு லிங்க்குகளைப் போட்டிருந்தால் அவற்றையும் பாருங்கள். 2019இல் புதிதாக உருவாக்குவதை நிறுத்தினார்கள், 2025 ஆகஸ்டில் பாவனையில் இல்லாத பழையவற்றையும் அணைத்தார்கள். வரைபடத்தில் இடம் காட்டுகிற சுருக்கு லிங்க்குகள் இதில் சேராது.

*லிங்க் திறக்கிறது, ஆனால் வேறு ஏதோ வருகிறது*

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காலாவதியான டொமைனை வேறு யாரும் வாங்கலாம், வாங்குகிறவர்களில் பலர் சூதாட்டத் தளக்காரர்கள். ஒரு கோவிலின் தளத்தில், தேவார ஒலிப்பதிவுகளுக்கென்று பல வருடத்துக்கு முன் போட்ட லிங்க் ஒன்று சூதாட்டப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை மாதம் அப்படி இருந்ததோ, சபையில் யாருக்கும் தெரியாது. ஒரு அம்மா தன் பேரப்பிள்ளைக்குத் தேவாரம் காட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். 404 சோதிக்கிற எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் பக்கம் நன்றாகத் திறக்கிறது. வருடத்தில் ஒருமுறையாவது வெளி லிங்க்குகளைக் கையால் அழுத்திப் பாருங்கள், இப்படிக் கண்டால் அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள்.

நீங்கள் போடாத லிங்க்குகளே உங்கள் பக்கத்தில் சூதாட்டத்துக்கும் மருந்துக்கும் போகின்றன என்றால் அது வேறு கதை. தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். கடவுச்சொற்களை மாற்றிவிட்டு உடனே தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், நீங்களாக அழித்துக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்ப முளைக்கும்.

அறிகுறி: “அளவுக்கு மிஞ்சித் திருப்பிவிடப்பட்டது” என்று வருகிறது

முதலில் அந்தத் தளத்தின் குக்கிகளை அழித்துப் பாருங்கள். பிறகு நீங்கள் போட்ட 301களைப் பாருங்கள், அ என்ற பக்கம் ஆவுக்கும், ஆ திரும்ப அவுக்கும் போகிறதா? ஒன்றை எடுத்தால் சரி. உங்கள் சேர்வருக்கும் பார்வையாளருக்கும் நடுவில் நிற்கிற கிளவுட்ஃபிளேர் என்ற சேவை வழியாகத் தளம் ஓடுகிறதென்றால் அதில் எஸ்எஸ்எல் அமைப்பு “ஃபிளெக்சிபிள்” என்றிருக்கிறதா என்று பாருங்கள், சேர்வர் பாதுகாப்பான முகவரிக்குத் திருப்ப, கிளவுட்ஃபிளேர் திரும்பச் சாதாரண வழியில் கேட்க, இரண்டும் முடிவில்லாமல் சுற்றும். சேர்வரில் செல்லுபடியான எஸ்எஸ்எல் சான்றிதழ் (பூட்டுக்குறியைத் தருவது) இருந்தால் “ஃபுல் ஸ்ட்ரிக்ட்” என்று மாற்றுங்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் மாற்றாமல் ஹோஸ்டிங்காரரைக் கேளுங்கள்.

இத்துடன் சேர்ந்தது: சிலர் 404 ஆகிற எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவார்கள். அதைச் செய்யவேண்டாம். படகு நேரம் தேடி வந்தவருக்கு முகப்பைக் காட்டினால் அவர் குழம்பிப்போவார், கூகுளும் அதை இல்லாத பக்கமாகவே கணக்கில் எடுக்கும். பொருத்தமான பக்கம் இருந்தால் அதற்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் 404 ஆகவே விட்டு, அந்தப் பக்கத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் முக்கியமான நாலு லிங்க்கையும் போட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேட

தளச் சொந்தக்காரருக்குக் கூகுள் தருகிற சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் பேஜஸ் பகுதிக்குள் 404 பட்டியல் இருக்கிறது, இலவசம். அதில் பழைய முகவரிகள் நிறைய வரும், எல்லாவற்றுக்கும் பதற வேண்டாம், உங்கள் பக்கங்களிலிருந்து லிங்க் இருப்பவற்றையும் ஆட்கள் உண்மையில் வந்து முட்டுகிறவற்றையும் மட்டும் பாருங்கள். ஸ்கிரீமிங் ஃபிராக் என்ற மென்பொருளைக் கணினியில் போட்டால் 500 முகவரி வரை காசில்லாமல் நடந்து பார்த்து, எந்தப் பக்கத்தில் எந்த லிங்க் உடைந்தது என்று சொல்லும். ஒரு விடுதித் தளத்துக்கு அது தாராளம். வேர்ட்பிரஸ்ஸுக்குள் ஓயாமல் லிங்க் சோதிக்கிற பிளகின்களை நிரந்தரமாக ஓடவிடாதீர்கள், மலிவான ஹோஸ்டிங்கில் தளமே மெதுவாகிவிடும்.

கருவி பிழை என்று சொல்கிற எல்லாம் பிழையல்ல. முகநூல், லிங்க்ட்இன் போன்றவை சோதனைக் கருவிகளை உள்ளே விடமாட்டா, 403 என்றோ 999 என்றோ பதில் தரும். அவற்றைக் கையால் அழுத்திப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

அறிகுறி: தளம் முழுவதுமே திறக்கவில்லை

“உங்கள் இணைப்பு பாதுகாப்பற்றது” என்ற எச்சரிக்கை வந்தால் சான்றிதழ் முடிந்திருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் வழமையாக 90 நாளைக்குரியவை, தானாகப் புதுப்பிக்கும், புதுப்பிப்புத் தடைப்பட்டால் இப்படி வரும். ஹோஸ்டிங் பலகையில் எஸ்எஸ்எல் பகுதிக்குப் போய்த் திரும்ப வழங்கச் சொல்லுங்கள்.

சேர்வரையே காணவில்லை என்றால் டொமைன் முடிந்திருக்கலாம். டொமைன் பதிவு விபரம் காட்டுகிற ஹூஇஸ் தேடலில் டொமைனைப் போட்டால் பெரும்பாலும் காலாவதித் திகதி தெரியும், டொட் எல்கே என்றால் எல்கே டொமைன் பதிவகத்தின் தளத்திலேயே பாருங்கள். இங்கே அடிக்கடி நடப்பது, தளம் செய்து கொடுத்தவர் தன்னுடைய மின்னஞ்சலில் டொமைனைப் பதிந்திருப்பார், அவர் வெளிநாடு போயிருப்பார், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பதினொரு வருடமாக வைத்திருந்த பெயரை இப்படி இழந்தது. இன்றைக்கே உங்கள் டொமைன் யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறதென்று பாருங்கள். முடிந்த டொமைனை மீட்கச் சில நாட்களே அவகாசம் இருக்கலாம், அதனால் இந்த அறிகுறிக்கு மட்டும் தாமதிக்காமல் பதிவு செய்த நிறுவனத்தை நேரே தொடர்பு கொள்ளுங்கள்.

அறிகுறி: அச்சடித்த கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணினால் பிழை வருகிறது

ஸ்கேன் பண்ணும்போது போன் காட்டுகிற முகவரியை முதலில் வாசியுங்கள். அது உங்கள் டொமைன் என்றால் மேலே சொன்ன 301 போதும், பலகையைத் திரும்ப அச்சடிக்க வேண்டியதில்லை. உங்கள் டொமைன் அல்லாமல் வேறொரு நிறுவனத்தின் சுருக்கு முகவரி என்றால், பெரும்பாலும் இலவசப் பரீட்சார்த்தக் காலத்தில் செய்த குறி அது, காலம் முடிந்ததும் அணைத்துவிட்டு மாதக் கட்டணம் கேட்கிறார்கள். சீசன் முடியும்வரை மாதக் காசைக் கட்டினால் குறி ஓடும். கட்ட மனமில்லையென்றால் உங்கள் சொந்த முகவரியை நேரடியாகக் குறியாக்கிப் புதிதாக அச்சடித்துப் பழையதன் மேல் ஒட்டுங்கள், அப்படிச் செய்த குறிக்குக் காலாவதி கிடையாது. முகவரி மட்டும் சின்னதாக, மாறாத ஒன்றாக இருக்கட்டும். அறைக் கட்டணத்துக்கு ஒரு பக்கம், படகு நேரத்துக்கு ஒரு பக்கம், வருடத்தின் எண்ணை முகவரிக்குள் போடாமல்.